பாலத்தின் நடுவே மஞ்சள் புள்ளி

லண்டன்
10 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். இதற்கு முன்னால் நான் கையால் எழுதிய கடிதம் பள்ளிக்கூடத்து லீவு லெட்டர்தான். அதையும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலேஜ் உண்டு, ரூம் உண்டு. சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

நேற்று ஒரு பெரிய ஓவியக் கூடத்துக்குப் போனேன். நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் இந்த ஊருக்கு வந்து, ஆற்றோரத்து ஹோட்டல் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, மூட்டத்தில் கிடக்கும் பாலத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். அதில் ஒன்று அங்கே இருக்கிறது. கிட்டே போனால் பாலமே கிடையாது. நீலமும் ஊதாவும் கொஞ்சம் ரோஸும் அப்பி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாலு எட்டு பின்னால் வந்தால் பாலம் வந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் புகைபோக்கிகள். பாலத்தின்மேல் ஏதோ போகிறது, வண்டியோ ஆளோ, ஒரே ஒரு தீற்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் எண்ணூர் ஆற்றுப் பாலத்தை யார் இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் இருந்தது வெறும் பனி இல்லையாம். வீட்டுக்கு வீடு, ஆலைக்கு ஆலை நிலக்கரி எரித்த புகை அதில் கலந்திருந்தது. இருமி இருமியே எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஆனால் படத்தின் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அழகு. அண்ணனின் நினைவு நாளன்று நான் வரைந்த நம் பாலத்துப் படத்தை நீங்கள் ஏன் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தீர்கள் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். மார்ச் மாதம் எங்கள் கண்காட்சி. அந்தப் படத்தைத் தவிர வைக்கிற மாதிரி என்னிடம் எதுவும் இல்லை. அண்ணன் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். பெரம்பூர் மகிழினி, என்கூடப் படித்தவள், பொங்கல் முடிந்து இங்கே வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்ப முடியுமா?

அந்தப் பிரெஞ்சுக்காரர் படத்தின் அட்டை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி
பீம்ராவ்
ஜெய்பீம்.

*

எண்ணூர்
24 நவம்பர் 2024

பீமுக்கு,

கடிதம் வந்தது. லண்டன் ஸ்டாம்ப்பைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் போஸ்ட்மேன் என்னிடம் கொடுத்தார். பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவி அக்கா அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா பச்ச, நம்ம ஆத்துப் பாலத்தப் போயி லண்டன்ல அச்சடிச்சுகீறானுங்க?" என்றது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அதற்குமேல் பார்க்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

உனக்குப் புரிந்துவிட்டதாம். சந்தோஷம். இங்கேயே என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இதற்காக நீ பிளைட் ஏற வேண்டியிருந்திருக்காது.

உன் அண்ணன் போனது போகியன்று காலையில். தெருத்தெருவாகப் பாயும் டயரும் எரித்த புகை. அதோடு பனி. அதோடு அந்தக் கரைப் புகைபோக்கிகள் விட்டது. அங்கே முதல் ஷிப்டுக்கு மொபெட்டில் கிளம்பினவருக்குப் பாலத்தின் நடுவில் லைட் போடாமல் நின்ற டிரெய்லர் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் என்ன எழுதினார்கள்? மொபெட்டில் லைட் எரியவில்லை, ஓட்டினவர்மேல்தான் தப்பு. டிரெய்லரிலும் லைட் எரியவில்லை என்று எழுத அவர்கள் பேனாவில் மை இல்லாமல் போய்விட்டது.

அதற்கு அடுத்த மார்கழியிலேயே நீ அந்த ஆற்றங்கரையில் போய் ஸ்டாண்டை நட்டுக்கொண்டு நின்றாய். தினமும் விடிகாலையில் போவாய், நான் டீ போட்டுக் கொடுப்பேன், எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. தையல் கம்பெனி பஸ்ஸில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. பின் சீட்டில் ஒருத்தி, "கூடப் பொறந்தவன் செத்த எடத்துல குந்திகினு பொம்ம வரைஞ்சுகினு கீறான்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க நான் தைத்த காலர் ஒன்றும் நேராக வரவில்லை.

சரி, அவன் துக்கம் அவனுக்கு என்று இருந்தேன். முதல் நினைவு நாளன்று உன் சிநேகிதர்கள் வந்தார்கள். அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் நீ அந்தப் படத்தை வைத்தாய். பனி எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். நீ தலையாட்டினாய். நீ தலையாட்டினதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அன்றைக்குத்தான் உன்னை வீட்டை விட்டுப் போ என்றேன். இன்றைக்கு வரைக்கும் நான் அந்தப் பாலத்தைத் தாண்டினதில்லை. மீஞ்சூரில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூட ரயிலில்தான் போனேன், கண்ணை மூடிக்கொண்டு.

மகிழினி வர வேண்டாம். அவர் போனதிலிருந்து போகிக்கு நான் எதையும் எரித்ததில்லை. இந்த வருஷம் எரிக்க என்னிடம் ஒன்று இருக்கிறது.

பச்சையம்மா

*

லண்டன்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சட்டைப்பையில்தான் இருக்கிறது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

எரிப்பதென்றால் எரித்துவிடுங்கள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உரிமை உங்களுடையது.

நான் அங்கே போய் நின்றது வரைவதற்காக மட்டும் இல்லை. வீட்டில் இருந்தால் அவர் கட்டில் இருந்தது. தெருவுக்கு வந்தால் அவர் தோஸ்துகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அந்தக் கரையில் மட்டும்தான் எனக்கு மூச்சு வந்தது. எதிரில் எதுவும் தெரியாது. தெரியாதபோது அங்கிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இருக்கும். இதை யாரிடம் சொல்ல முடியும்?

ஆர்ட்ஸ் காலேஜ் பரீட்சைக்கு அண்ணன்தான் என்னை மொபெட்டில் கூட்டிப்போனார், உங்களுக்கு நினைவிருக்கும். வழியெல்லாம், "நம்ம வூட்ல ஒருத்தனாவது கை கலீஜாவாம சம்பாரிக்கட்டும்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாயந்திரம் கூட்டிப்போக வந்தபோது என் முழங்கை வரைக்கும் பெயிண்ட். பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "எங்கொப்புரான, என் கையே தேவல போல கீதே" என்று கரி படிந்த தன் கையை எனக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். படம் வரைய உட்காரும்போதெல்லாம் அந்த இரண்டு கைகளும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஒரே ஒரு வேண்டுகோள். எரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படத்தைப் பிரித்துப் பாருங்கள். பகலில், கதவைத் திறந்து வைத்து, வாசல்படி வரைக்கும் தள்ளி நின்று. பாலத்தின் நடுவில் பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்.

பீம்ராவ்
ஜெய்பீம்.

*

எண்ணூர்
21 டிசம்பர் 2024

பீமுக்கு,

பிரித்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. எரிக்கப் போகிற பொருள் இன்னது என்று தெரிய வேண்டும் இல்லையா.

முதலில் பின்பக்கம்தான் பார்த்தேன். துணியை மடித்துச் சட்டத்தில் ஆணி அடித்திருக்கிறாய். மூலையில் மடிப்பு கோணல். எங்கள் சூப்பர்வைசர் பார்த்தால் பீஸை மூஞ்சியிலேயே விட்டெறிவார். பிறகு ஸ்டூல்மேல் நிறுத்தி வைத்துவிட்டு வாசல்படிக்குப் போய் நின்றேன். காத்தூன் அக்காவும் வந்து நின்றது.

கொஞ்ச நேரம் சாம்பல்தான் தெரிந்தது. அப்புறம் பாலம் தெரிந்தது. அப்புறம் நடுவில் மஞ்சளாக ஒன்று, துவரம்பருப்பு அளவுக்கு. "அது இன்னா, கம்பத்து லைட்டா?" என்று அக்கா கேட்டது. பாலத்தில் அந்த இடத்தில் கம்பம் கிடையாது. அன்றைக்குக் கைப்பிடிச் சுவர் உடைந்து திரும்பக் கட்டியிருக்கிறார்களாமே, அந்த இடம் அது.

அது அவர்தானே?

அவர்தான் என்றால் நீ தப்பாக வரைந்திருக்கிறாய். அந்த வண்டியில் லைட் எரியாது. அந்த மார்கழி முழுக்கவே எரியவில்லை. "பொங்க கழிச்சு நம்ம லியாகத்தாண்ட வுட்டுப் பாத்துக்கலாம் பச்ச" என்று அவர் சொன்னபோது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். காத்தூன் அக்கா மகன் லியாகத் அலி மெக்கானிக், பத்தடியில் கடை, கொண்டுபோய் விட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. அதையும் நீ கேட்டாய்.

இன்னொரு தப்பும் இருக்கிறது. நீ நின்று வரைந்தது நம் கரையில். அவர் அந்தக் கரைக்குப் போனார். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரிய வேண்டும். லைட் எப்படித் தெரியும்?

உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஏன் இப்படி வரைந்தாய்? தைக்கும்போதும் சமைக்கும்போதும் இதே யோசனையாக இருக்கிறது, ஒரே பேஜாராகப் போய்விட்டது. போகிக்கு முன்னால் பதில் வர வேண்டும்.

பச்சையம்மா

*

லண்டன்
1 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது, விடிந்ததும் எழுதுகிறேன்.

லைட் எரியாது என்று எனக்குத் தெரியும். அவர் எந்தப் பக்கம் போனார் என்றும் தெரியும். தெரிந்துதான் வரைந்தேன். அந்தப் படத்தில் வண்டியில் லைட் எரிகிறது. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்.

என் சிநேகிதர்கள் அழகு என்று சொன்னபோது நான் தலையாட்டியது அந்தப் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு. அவர்கள் சொன்னது என் காதில் சரியாக விழக்கூட இல்லை. அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கலாம்.

மகிழினியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எரித்தாலும் சரி, வைத்திருந்தாலும் சரி, அது உங்கள் வீட்டுப் படம். கண்காட்சிக்கு நான் ஏதாவது பார்த்துக்கொள்கிறேன்.

பீம்ராவ்
ஜெய்பீம்.

*

எண்ணூர்
16 ஜனவரி 2025

தம்பி பீமுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். படம் எரிந்துவிட்டது. நான் எரிக்கவில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் போனபோதுகூட அப்படி அழவில்லை. பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, இந்தப் படத்தை மாட்டுவது என்று முடிவு செய்தேன். பாபாசாகேப் படத்துக்குக் கீழே, உன் அண்ணன் போட்டோவுக்குப் பக்கத்தில். ஆனால் சுவரைப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. அவர் போனதிலிருந்து வெள்ளையே அடிக்கவில்லை, அடுப்புக் கரியும் தண்ணீர்க் கறையும். நல்ல சுவரில் மாட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவில் நானும் காத்தூன் அக்காவும் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தோம். சாமானெல்லாம் வாசலுக்கு வந்தது. படத்தின்மேல் சுண்ணாம்பு தெறிக்கக் கூடாது என்று அதைத் தனியாகச் சுற்றி வெளியே சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

எதில் சுற்றினேன் தெரியுமா? கிழிந்த கோரைப் பாயில்.

வேலை முடிய இருட்டிவிட்டது. சுவர் காயட்டும், காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று மற்றதை மட்டும் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். மறுநாள் போகி. அது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் என் கண்ணுக்கு அது பாயாகவே தெரியவில்லை. உள்ளே இருந்தது மட்டும்தான் தெரிந்தது.

காலையில் கதவைத் திறந்தால் தெரு முழுக்கப் புகை. சுவரோரத்தில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக் கார்குழலி சிரித்துக்கொண்டே வந்தாள். "யக்கா, ரெண்டு வருசமா போகிக்கு நீ ஒண்ணுமே வெளிய வெக்கல. இன்னிக்கிப் பாய் வெச்சுகீறத பாத்ததும் எனுக்கு அவ்ளோ சந்தோசம். நீ எந்திரிக்கிறதுக்குள்ள நானே தூக்கினு போயி போட்டுட்டேன். நல்லா கனமா இருந்திச்சு" என்றாள்.

அவளை என்ன சொல்வது? "சரிம்மா" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நான் துக்கத்திலிருந்து எழுந்துவிட்டேன் என்று மனசார நம்பித்தான் அவள் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

அப்புறம் போய்ச் சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். நீ அடித்த ஆணிகள் கிடைத்தன. கொஞ்சம் பொறுக்கி வைத்திருக்கிறேன். புகை பாலத்துப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

உன் கண்காட்சிக்குக் கேட்டபோதே கொடுத்திருந்தால் அங்கே பத்திரமாக இருந்திருக்கும். சுவர் வெள்ளையாக இருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

உன் அண்ணி
பச்சையம்மா

*

லண்டன்
30 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். போகிக்கு முதல் நாள் வாசலில் பாயை வைத்தால் என்ன ஆகும் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று ரூமில் தனியாகக் கத்தினேன். பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டினான். அப்புறம் கோபம் போய்விட்டது. நல்ல சுவரில் மாட்ட வேண்டும் என்று நீங்கள் சுண்ணாம்பு அடித்ததை நினைத்தேன். அதற்குப் பிறகு கோபப்பட என்னால் முடியவில்லை.

மறுபடி வரைந்துவிடு, போட்டோ இருக்கிறதே என்று என் ஆசிரியர் சொல்கிறார். கை போகவில்லை, அண்ணி. மறுபடி வரைந்தால் மறுபடி அந்தப் பாலத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கடைசியில்தான் லைட் வைக்க முடியும். அதுவரைக்கும் அண்ணன் இருட்டில் வர வேண்டியிருக்கும். இன்னொரு தடவை என்னால் முடியாது. கண்காட்சிக்குப் பெயரைக் கொடுக்கவில்லை.

நேற்று அந்தக் கூடத்துக்குப் போனேன். அதே பிரெஞ்சுக்காரர் படம். பாலத்தின்மேல் போகிற அந்தத் தீற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் போகிறவரும் யாரோ ஒரு வீட்டுக்காரர்தான். அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்தாரா இல்லையா, யாருக்குத் தெரியும்? மூடும் நேரம் என்று காவலாளி வந்து சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன்.

போனையாவது திறந்து விடுங்கள், அண்ணி. உங்கள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. திட்டுவதானாலும் பரவாயில்லை.

பீம்ராவ்
ஜெய்பீம்.

*

எண்ணூர்
16 பிப்ரவரி 2025

தம்பி பீமுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாயந்திரம் லியாகத் கடைக்குப் போனேன். மொபெட்டைச் சரி செய்து கொடு என்றேன். நீ போகும்போது மூடி வைத்திருந்த அதே தார்ப்பாய்க்குக் கீழேதான் கிடந்தது. "ஓட்றதுக்கு யாரு கீறா, யக்கா?" என்று கேட்டான். அவன் அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். முன்பக்கம் முழுக்க மாற்றினான். லைட் புதுசு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் லியாகத்தையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். நீ நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை, அங்கே ஒரு கல்லில் உன் பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாசி பிறந்தும் பனி விடவில்லை, புகையும் சேர்ந்து பாலம் பாதிதான் தெரிந்தது. "அந்தக் கரைக்குப் போயிட்டு லைட்டப் போட்டுகினு மெதுவா வா" என்று லியாகத்திடம் சொன்னேன். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். கொஞ்ச தூரத்தில் அவன் முதுகும் மறைந்துவிட்டது.

கல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. நீ எழுதியது சரிதான், ஒன்றும் தெரியாதபோது யார் வேண்டுமானாலும் வரலாம்.

பாலத்தின் நடுவில் மஞ்சளாக வந்தது. நீ வரைந்த அதே அளவு, துவரம்பருப்பு. அதே வண்டிச் சத்தம். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர்தான் வந்தார், பீமு. நைட் ஷிப்ட் முடிந்து வருகிற மாதிரி, அவசரம் இல்லாமல். உடைந்து கட்டின கைப்பிடிச் சுவரைத் தாண்டினார். நடுப்பாலத்தைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட்டார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கவில்லையே என்று எனக்குப் பதறியது.

கிட்டே வந்ததும் லியாகத் அலி ஆகிவிட்டான்.

"இன்னொரு வாட்டி போயிட்டு வரட்டா, யக்கா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தான், ஆனால் இன்ஜினை அணைக்கவில்லை, லைட்டையும் அணைக்கவில்லை. அவனுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

நீ தினமும் எதற்காக அங்கே போய் நின்றாய் என்று எனக்கு இப்போது தெரியும். தெரியாமல் உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்.

அந்த அட்டைப் படத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். உன் ஆணியில் ஒன்றை அடித்து.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இந்தக் கடிதம் கைக்கு வருகிற அன்று கூப்பிடு. அதற்குள் நான் அழுது முடித்திருப்பேன்.

உன் அண்ணி
பச்சையம்மா
ஜெய்பீம்.